கேசட் யார் கையில்

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் ‘டிவி கேம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். தைவானிலும் சீனாவிலும் செய்து இங்கே வந்து இறங்கிய அந்தப் பெட்டியில், ஒரே ஆட்டத்தை நாலு பெயரில் காட்டி ‘64 கேம்’ என்று கணக்குச் சொல்லும் கேசட் ஒன்று இருக்கும். மாரியோ, கான்ட்ரா, பாம்பர்மேன், டாங்கி ஓட்டும் பேட்டில் சிட்டி, கார் ஓட்டும் ரோட் ஃபைட்டர். எல்லாம் ஒரே கம்பெனி செய்தது என்றுதான் அன்று நினைத்திருப்போம். உண்மையில் மாரியோ நிண்டெண்டோவுடையது. கான்ட்ராவும் ரோட் ஃபைட்டரும் கோனாமி செய்தவை. பேட்டில் சிட்டி நாம்கோ. பாம்பர்மேன் ஹட்ஸன். நம் வீட்டுப் பெட்டி நகல்தான், ஆனால் அதன் மூலப் பெட்டியான ‘ஃபேமிகாம்’ நிண்டெண்டோ செய்தது. அதில் ஓடியவற்றில் மிகப் பெரும்பகுதி வெளிக் கம்பெனிகளின் சரக்கு.

தன் பெட்டிக்குள் அடுத்தவன் சரக்கை ஒரு கம்பெனி ஏன் விட வேண்டும்? விட்டால் அதற்கு என்ன விலை கேட்கும்? டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை; இன்னொரு டீ சொல்லிவிட்டே ஆரம்பிக்கலாம்.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போய் வர வேண்டும். அங்கே வீட்டு வீடியோ கேமில் அட்டாரிதான் ராஜா. 1979இல் அதன் புரோகிராமர்கள் நாலு பேர், தாங்கள் எழுதும் ஆட்டங்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கின்றன, பெட்டியில் தங்கள் பெயர்கூட இல்லையே என்ற மனக்குறையோடு வெளியே வந்து, ஆக்டிவிஷன் என்று தனிக் கம்பெனி தொடங்கினார்கள். அட்டாரி பெட்டியில் ஓடும் கேசட்டை அட்டாரியைக் கேட்காமலே செய்து விற்றார்கள். அட்டாரி கோர்ட்டுக்குப் போனது. 1982இல் ராயல்ட்டி கொடுத்தால் போதும் என்று சமரசமாகிவிட்டது. வழி திறந்ததும் யார் யாரோ கேசட் போட்டார்கள். கடைகளில் சரக்கு தேங்கியது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்து விழுந்தது.

இதைக் கியோத்தோவிலிருந்து ஹிரோஷி யமாவுச்சி பார்த்துக்கொண்டிருந்தார். 1889இல் பூப்படச் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கிய நிண்டெண்டோவின் தலைவர், நிறுவனரின் கொள்ளுப்பேரன். வெளியாரைக் கட்டுப்பாடில்லாமல் விட்டதுதான் அட்டாரியைக் கவிழ்த்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். அது முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. தானே போட்ட பாக்-மேன், ஈ.டி. கேசட்டுகளை விற்கவே முடியாத அளவுக்கு அட்டாரி செய்து குவித்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் யமாவுச்சிக்கு வசதியான பாடம் அதுதான், அதையே பிடித்துக்கொண்டார்.

ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வந்தது. அதே நாளில் சேகாவும் தன் எஸ்ஜி-1000 பெட்டியை இறக்கியது என்பது வேடிக்கையான தற்செயல். அன்று ஃபேமிகாமுக்கு இருந்தவை மூன்றே கேசட்டுகள்: டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பொப்பாய். மூன்றுமே நிண்டெண்டோ கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காகச் செய்த பழைய ஆட்டங்கள். முதல் பெட்டிகளில் சிப் கோளாறு வந்து, திரும்பப் பெற்று மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் சரியாகிப் பெட்டி ஓடத் தொடங்கியதும் வேறு தலைவலி. வாங்கிய பிள்ளைகளுக்கு மாதா மாதம் புது ஆட்டம் வேண்டும். ஒரே கம்பெனியால் எத்தனைதான் எழுத முடியும்?

இங்கேதான் ஹட்ஸன் வருகிறது. சப்போரோவில் 1973இல் குதோ சகோதரர்கள் ஆரம்பித்தது. அண்ணன் யூஜி குதோவுக்கு நீராவி ரயில் என்றால் பைத்தியம். ‘ஹட்ஸன்’ என்பதே ஒரு வகை ரயில் எஞ்சினின் பெயர். அமெச்சூர் ரேடியோ சாமான் விற்கும் கடையாகத் தொடங்கி, பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான புரோகிராம்களைப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு டேப்பில் தபால் வழியே விற்றார்கள். ஃபேமிகாமில் விசைப்பலகை மாட்டி பேசிக் மொழியில் புரோகிராம் எழுதலாம் என்று நிண்டெண்டோ ஒரு சாமான் கொண்டுவர நினைத்தபோது, அந்த வேலைக்கு ஹட்ஸனைப் பிடித்தது. 1984 ஜூனில் வந்த ‘ஃபேமிலி பேசிக்’ அதுதான். அதைச் செய்ததில் பெட்டியின் உள்ளும் புறமும் ஹட்ஸன்காரர்களுக்கு அத்துப்படி. அப்படியே சொந்த ஆட்டம் போட அனுமதி வாங்கினார்கள். 1984 ஜூலைக் கடைசியில் நட்ஸ் அண்ட் மில்க், லோட் ரன்னர் என்று இரண்டு கேசட்டுகள், சில நாள் இடைவெளியில். ஃபேமிகாமின் முதல் வெளிக் கம்பெனி ஹட்ஸன்தான்.

லோட் ரன்னரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அது டக்ளஸ் ஸ்மித் என்ற அமெரிக்கர் எழுதிய கம்ப்யூட்டர் ஆட்டம். மூலத்தில் ஒரு கட்டம் முழுவதும் ஒரே திரையில் அடங்கும். ஆட்கள் எறும்பு மாதிரி இருப்பார்கள். ஹட்ஸன் ஆட்களைப் பெரிதாக்கி, திரை பக்கவாட்டில் நகரும்படி மாற்றியது. கம்ப்யூட்டர் முன் நாற்காலி போட்டு உட்காருபவருக்கும், கூடத்து டிவி முன் பாயில் உட்காரும் பிள்ளைக்கும் உள்ள தூரம் ஹட்ஸனுக்குப் புரிந்திருந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. தபாலில் டேப் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வந்த நாம்கோ வேறு ரகம். மசாயா நகமுரா 1955இல் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மொட்டைமாடியில் குழந்தைகள் ஏறி ஆடும் குதிரைப் பொம்மைகளை வைத்துத் தொழில் ஆரம்பித்தவர். 1984 வாக்கில் பாக்-மேனைச் செய்த கம்பெனி என்று உலகத்துக்கே தெரியும். ஹட்ஸனை நிண்டெண்டோவே வேலைக்கு அழைத்தது. நாம்கோ ஆட்களோ ஃபேமிகாமைப் பிரித்துப் போட்டு, எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே கண்டுபிடித்து, ஆட்டம் ஓடும் என்று தெரிந்த பிறகு போய்ப் பேசினார்கள். கையில் சரக்கோடு பேரம் பேசுபவனுக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். 1984 செப்டம்பரில் கேலக்ஸியன், நவம்பரில் பாக்-மேனும் செவியஸும். செவியஸும் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த ஒரு கேசட்டுக்காகவே பெட்டி வாங்கிய வீடுகள் ஏராளம்.

பின்னாலேயே ஜலெகோ, டைட்டோ, கோனாமி, காப்காம் எல்லாம் வந்து சேர்ந்தன. இவர்களில் பெரும்பாலோர் கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் இயந்திரம் செய்தவர்கள். டைட்டோவை ஆரம்பித்தவர் ஒடெஸாவில் பிறந்த மைக்கேல் கோகன். கோனாமி ஒசாகாவில் ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. காப்காமின் கென்ஸோ சுஜிமோட்டோ பஞ்சுமிட்டாய் இயந்திரம் விற்ற காலம் உண்டு. அவர்களிடம் ஏற்கெனவே செலவு செய்து, சம்பாதித்தும் முடித்த ஆட்டங்கள் கைவசம் கிடந்தன. வீட்டுப் பெட்டிக்கு மாற்றி எழுதினால் அதே பசு இரண்டாம் முறை கறக்கும். பெட்டி ஓடுமா ஓடாதா என்று நிச்சயமில்லாத நாளிலேயே இவர்கள் நம்பி வந்ததால், முதலில் வந்த ஆறேழு கம்பெனிகளுக்கும் நிண்டெண்டோ சலுகை விதிகள் கொடுத்தது.

அந்தச் சலுகைகளில் நாம்கோ போன்ற சிலருக்குக் கிடைத்த ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. தங்கள் கேசட்டைத் தாங்களே செய்துகொள்ளலாம்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கல்யாண மண்டபம் பிடிக்கப் போன அனுபவம் இருந்தால் சட்டென்று பிடிபடும். மண்டப வாடகை மலிவாக இருக்கும். ஆனால் சமையல் நம்ம ஆள்தான், இத்தனை இலைக்குக் குறையக் கூடாது, பணம் முன்கூட்டியே வேண்டும் என்பார்கள். பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. பின்னால் வந்த கம்பெனிகளுக்கு நிண்டெண்டோ போட்ட விதி இதேதான். ஆட்டத்தை நீ எழுது, விளம்பரம் நீ செய்; கேசட்டை நாங்கள்தான் செய்து தருவோம். குறைந்தது இத்தனை ஆயிரம் எடுத்தாக வேண்டும். முன்பணம் கட்டு.

கேசட்டுக்குள் இருப்பது மாஸ்க் ரோம் என்ற சிப். ஆட்டம் அதில் தயாரிப்பின்போதே பதிந்துவிடும். பிறகு அழிக்கவும் முடியாது, வேறொன்றை எழுதவும் முடியாது. ஆர்டர் கொடுத்தால் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே ஓர் ஆட்டம் எத்தனை விற்கும் என்று, அது கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே கம்பெனிக்காரர் ஜோசியம் சொல்லியாக வேண்டும். கூடுதலாக அடித்தால் கோடவுனில் பிளாஸ்டிக் குப்பை. குறைவாக அடித்தால், பிள்ளைகள் கேட்கும் நேரத்தில் கடையில் இருக்காது. மறு ஆர்டர் வந்து சேரும்போது அவர்கள் வேறு ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். நிண்டெண்டோவுக்கோ கேசட் செய்த உடனே காசு வந்துவிட்டது. அது விற்றதா, தூசி படிந்ததா என்பது அடுத்தவன் பாடு. ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே இத்தனை கட்டுப்பாடு என்று சொல்லப்பட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது தரம் அல்ல, இந்த முன்பணம்தான்.

சொந்தமாகக் கேசட் செய்யும் உரிமை கிடைத்தவர்கள் அதை வைத்து என்னவெல்லாம் செய்தார்கள் என்பது ரசமான சமாச்சாரம். பழைய ஃபேமிகாம் கேசட்டுகளை வரிசையாக அடுக்கினால் உருவமும் பிடிமானமும் ஒன்றுபோல இருக்காது. ஐரெம் என்ற கம்பெனியின் ஆரம்பகாலக் கேசட்டில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. பெட்டியைப் போட்டதும் எரியும். அதனால் ஆட்டத்துக்குக் காலணா பிரயோஜனம் இல்லை, ஆனால் அந்த விளக்குக்காகவே கேசட்டைக் கேட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கோனாமி இன்னும் ஆழமாகப் போனது. ஃபேமிகாமில் ஒரு வசதி: பெட்டியின் ஒலி கேசட்டுக்குள் போய்விட்டுத்தான் டிவிக்குத் திரும்பும். வழியில் கேசட் தன் சொந்த ஒலியைக் கலந்துகொள்ளலாம். 1989 டிசம்பரில் வந்த ‘அகுமாஜோ தென்செத்சு’ ஆட்டத்துக்குக் கோனாமி தானே வடிவமைத்த ஒரு சிப்பை வைத்து, பெட்டியில் இல்லாத மூன்று குரல்களைக் கூடுதலாக இசைக்க வைத்தது. அதே ஆட்டம் ‘காசில்வேனியா 3’ என்று அமெரிக்கா போனபோது அந்தச் சிப் போகவில்லை. அங்கே நிண்டெண்டோ விற்ற பெட்டியில் ஒலி கேசட் வழியாகப் போவதே இல்லை. கேசட்டையும் நிண்டெண்டோவின் சிப்பை வைத்துத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் வாசித்த மேளக்காரர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் எழுந்து போய்விட்டதுபோல இருக்கும்.

அமெரிக்கப் பெட்டியில் ஒரு பூட்டும் இருந்தது. பெட்டியில் ஒரு சிப், கேசட்டில் ஒரு சிப்; இரண்டும் பேசி ஒத்துப்போனால்தான் ஆட்டம் ஓடும். ஆண்டுக்கு ஐந்து ஆட்டம்தான் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவும் இருந்தது. அந்த ஐந்தைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே கோனாமி ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயர்ப்பலகை மாட்டியது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. நிண்டெண்டோ அங்கே ஒப்பந்தத்தையும் பொம்மை மொத்த வியாபாரிகள் சங்கத்தின் மேலிருந்த பிடியையும் வைத்தே காரியம் பார்த்தது. நம்மூருக்கு வந்த நகல் பெட்டிகள் ஜப்பானிய வகையைப் பார்த்துச் செய்யப்பட்டவை. எந்தக் கேசட்டைச் செருகினாலும் மறுபேச்சில்லாமல் ஓடின.

எனிக்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மற்றவர்களில் பெரும்பாலோர் இயந்திரம் செய்தவர்கள். எனிக்ஸ்தான் நிஜமான பதிப்பாளர். யசுஹிரோ ஃபுகுஷிமா 1975இல் வீடு, மனை விளம்பரப் பத்திரிகை நடத்தத் தொடங்கிய கம்பெனி அது. அவரிடம் புரோகிராம் எழுத ஆளே கிடையாது. 1982இல் ஒரு போட்டி அறிவித்தார்: நல்ல ஆட்டம் எழுதி அனுப்புங்கள், முதல் பரிசு பத்து லட்சம் யென். பரிசு வென்றவர்களில் ஒருவன் கொய்ச்சி நகமுரா, பள்ளிக்கூடப் பையன். இன்னொருவர் யூஜி ஹொரீ. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். போட்டியைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கப் போனவரே போட்டியாளராகவும் இருந்தார். இந்த இருவரும் சேர்ந்துதான் 1986 மே 27 அன்று டிராகன் குவெஸ்டைக் கொண்டுவந்தார்கள். படம் அகிரா தொரியாமா, இசை கொய்ச்சி சுகியாமா. எழுதுபவருக்கு ராயல்ட்டி, போடுபவருக்கு லாபம் என்ற புத்தகத் தொழில் ஏற்பாடு அப்படியே கேசட்டுக்கு வந்தது.

அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். இன்று செல்போனில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதைவிடக் கனம். இதற்குள் ஒரு ராஜ்யம், கோட்டைகள், குகைகள், பேசும் ஜனங்கள் எல்லாம் அடங்க வேண்டும். எழுத்துகளைக்கூட அளந்து வைத்தார்கள். ஜப்பானிய மொழியின் கதகானா எழுத்துகள் கிட்டத்தட்ட ஐம்பது வரும். அவற்றில் இருபது மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இருபதால் எழுத முடிகிற பெயர்களையே பூதங்களுக்கும் மந்திரங்களுக்கும் ஹொரீ வைத்தார். விட்ட இடத்திலிருந்து மறுநாள் ஆடப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. திரையில் வரும் இருபது எழுத்துக் கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. 1988 பிப்ரவரி 10 அன்று மூன்றாம் பாகம் வந்தபோது அது புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் வரிசை கட்டி நின்றதும், போலீஸ் பிடித்துப் புத்தி சொல்லி அனுப்பியதும் அங்கே பத்திரிகைச் செய்தியானது. நாலாம் பாகம் விடுமுறை நாளில் வந்தது.

வெளிக் கம்பெனிகளின் ராஜ்யம் முழுக்கப் பாலும் தேனும் அல்ல. பெட்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் பொம்மைக் கம்பெனி, டிவி கம்பெனி, ரெக்கார்டு கம்பெனி எல்லாம் ஓடி வந்தன. அவற்றில் பலவற்றுக்கு எழுதத் தெரியாது. கியோத்தோவின் டோஸே போன்ற கம்பெனிகள் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தன. 1986 டிசம்பரில் டைட்டோ போட்ட ‘தகேஷி நோ சோசென்ஜோ’வை நகைச்சுவை நடிகர் பீட் தகேஷி ஆடுபவரை வெறுப்பேற்றுவதற்கென்றே உருவாக்கினார். அதில் ஒரு இடத்தில் வரைபடத்தைத் தெளிய வைக்கப் பொத்தானைத் தொடாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் அமோகமாக விற்றது! ஓடாத கேசட்டுகளைத் தள்ள மொத்த வியாபாரிகள் பிடித்த வழி இன்னும் மோசம்: டிராகன் குவெஸ்ட் நாலாம் பாகம் வேண்டுமா, இந்தப் பழைய சரக்கையும் சேர்த்து எடு. கட்டிக் கொடுக்கும் இந்த வியாபாரம் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் வரை போய், 1992இல் அது தவறு என்று தீர்ப்பானது.

நிண்டெண்டோவும் நடுவில் ஒரு முறை கணக்கைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தது. 1986 பிப்ரவரியில் வந்த டிஸ்க் சிஸ்டம் அதுதான். கேசட்டுக்குப் பதில் நெகிழ்வட்டு; கடையில் நிண்டெண்டோ வைத்திருக்கும் இயந்திரத்தில் 500 யென் கொடுத்துப் பழைய ஆட்டத்தை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளலாம். ஆடுபவருக்கு மலிவு. கம்பெனிக்கு ஓர் ஆட்டத்துக்குக் கிடைப்பது சொற்பம். சிறிய கம்பெனிகள் வந்தன; அவற்றில் ஒன்றான ஸ்கொயர் ஆறேழு பேரைச் சேர்த்து ‘டாக்’ என்று ஒரு கூட்டணியே அமைத்தது. பெரியவர்கள் அவ்வளவாக அசையவில்லை. டிஸ்க்கின் கொள்ளளவு 112 கிலோபைட். அதே ஆண்டு ஜூனில் காப்காம் ‘மகாய்முரா’வை 128 கிலோபைட் கேசட்டில் போட்டது. நாலே மாதத்தில் டிஸ்க்கின் பெருமை போய்விட்டது.

1989இல் நாம்கோவின் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது. இனிச் சலுகை கிடையாது, எல்லாருக்கும் உள்ள விதிதான் என்றார் யமாவுச்சி. நாம்கோவின் மசாயா நகமுரா கொதித்துப்போய், நிண்டெண்டோ ஏகபோகம் நடத்துகிறது என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார், கோர்ட்டுக்கும் போனார். கடைசியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு இதில் இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆரம்பத்தில் தோள் கொடுத்தவனுக்கு ஆயுளுக்கும் சலுகை தர யாராலும் முடியாது. ஆனால் அந்தத் தோள் இல்லாமல் 1984இல் பெட்டி இத்தனை வேகமாக விற்றிருக்காது என்பதும் நிஜம். ஹட்ஸன் சண்டை போடவில்லை, சாமர்த்தியமாக வேறு வழி பார்த்தது. 1987லேயே என்.ஈ.சி.யோடு கூட்டுச் சேர்ந்து பிசி எஞ்சின் என்ற பெட்டியையே கொண்டுவந்துவிட்டது. நாம்கோ அதற்கும் ஆட்டம் எழுதியது.

நகமுரா பொறுமையாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 1994 டிசம்பர் 3 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் வந்தபோது, முதல் நாளே கடையில் இருந்தது நாம்கோவின் ரிட்ஜ் ரேஸர். சோனி கேசட்டை விட்டுவிட்டு சிடிக்குப் போனது. சிடி அச்சடிப்பது மலிவு. மறு ஆர்டர் மாதக்கணக்கில் அல்ல, நாள் கணக்கில் வந்துவிடும். முதலில் கொஞ்சம் அடித்து, போகிற போக்கைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். நிண்டெண்டோ 1996இல் நிண்டெண்டோ 64ஐ மறுபடி கேசட்டோடுதான் இறக்கியது. மின்கம்பி அமைக்கும் கம்பெனியின் ஒரு கிளையாகத் தொடங்கி ஃபைனல் ஃபேன்டஸியால் நிமிர்ந்த ஸ்கொயர், அந்த வருடமே சோனி பக்கம் போய்விட்டது. 1994இல் கேசட்டில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி ஆறாம் பாகத்தின் விலை 11,400 யென். 1997 ஜனவரியில் மூன்று சிடிகளில் வந்த ஏழாம் பாகம் 6,800 யென். எனிக்ஸும் அதே மாதம் டிராகன் குவெஸ்டின் அடுத்த பாகம் பிளேஸ்டேஷனில் என்று அறிவித்தது.

டிவியில் மாட்டும் பெட்டியில் நிண்டெண்டோ கேசட்டைக் கைவிட 2001 வரை பிடித்தது. அந்த ஆண்டு வந்த கேம்கியூப், வட்டில் ஓடும் பெட்டிதான். ஆனால் அது ஊரெல்லாம் புழங்கிய 12 சென்டிமீட்டர் வட்டு அல்ல. மத்சுஷிதா கம்பெனியோடு சேர்ந்து தனியாக உருவாக்கிய 8 சென்டிமீட்டர் வட்டு.